அக்கா மடிப்பு

எட்டு நிமிடம் என்றார் கொறடா. புது உறுப்பினருக்கு மூன்று நிமிடம் கிடைப்பதே பெரிய காரியம். அக்காவுக்கு எட்டு. தட்டச்சு செய்த நான்கு தாள்களை மேசைமேல் அவள் பக்கம் தள்ளிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கட்சி உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் எதற்கு ஓட்டுப் போட வேண்டும், யார் எப்போது வாய் திறக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அவர் வேலை. முப்பது வருடமாக ஊரைப் பேசவைத்து அவருடைய தொண்டைதான் கட்டிப்போயிருந்தது.

வியாழக்கிழமை தொழிற்சாலைப் பாதுகாப்பு மசோதா வாக்கெடுப்புக்கு வருகிறது. அதில் சண்டை முழுக்கப் பதினான்காம் பிரிவில். இயந்திரத்தின் பாதுகாப்புக் கருவியைத் தொழிலாளியே முடக்கிவைத்து விபத்து நடந்தால் முதலாளி பொறுப்பல்ல என்கிற பிரிவு. அதை ஆதரித்து அக்கா பேச வேண்டும்.

எல்லோருக்குமே அவள் அக்காதான். லாண்டரியில் நூற்றுப் பத்துப் பேருக்கு அக்கா. தேர்தல் சுவரொட்டியிலும் 'லாண்டரி அக்கா' என்றுதான் போட்டார்கள். கொறடா மட்டும் மேடம் என்பார்.

"வக்கீல் பேசினா சட்டம் பேசுறான்னு தூங்கிடுவாங்க மேடம். நீங்க மெஷின் முன்னாடி நின்னவங்க. நீங்க சொன்னா எடுபடும். உங்க கம்பெனியில நடந்த விபத்தையே சொல்லுங்க. இன்ஸ்பெக்டர் அறிக்கைதான் கையில இருக்கே, அந்தம்மா தன் தப்புதான்னு ஒத்துக்கிட்டிருக்கே."

மூன்றாவது தாளில் ஒரு வரி அவள் கண்ணில் பட்டது. 'பாதுகாப்பைக் கழற்றி வேலை செய்யச் சொல்லும் முதலாளியை என் பதினெட்டு வருட அனுபவத்தில் நான் கண்டதில்லை.' அப்படி ஒரு முதலாளியை அவள் தினமும் காலையில் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பதினெட்டு வருடத்துக்கு முன்பு அக்கா ஒரு கம்பெனிக்காக ஆஸ்பத்திரிகளில் கையுறை விற்றுக்கொண்டிருந்தாள். போகிற இடமெல்லாம் சலவைக்குப் போன படுக்கை விரிப்புகள் நேரத்துக்கு வராமல் நர்சுகள் படும் பாட்டைப் பார்த்தாள். வேலையை உதறிவிட்டு, தம்பியைச் சேர்த்துக்கொண்டு லாண்டரி தொடங்கினாள். இரண்டு சலவை இயந்திரம், பழசாக வாங்கிய ஒரு இஸ்திரி உருளை. ஆள் படுத்துக்கொள்ளும் நீளத்துக்கு ஒரு இரும்பு உருளை, உள்ளே ஆவி. ஈர விரிப்பை இந்தப் பக்கம் இரண்டு பேர் இழுத்துப் பிடித்துக் கொடுத்தால் அந்தப் பக்கம் காய்ந்து, தேய்ந்து வெளியே வரும். கொடுக்கிற பக்கம் விரல் உள்ளே போய்விடாமல் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி. கை பட்டால் கம்பி பின்னால் சாயும், உருளை நின்றுவிடும்.

கை பட்டால் மட்டுமா நிற்கும்? தடித்த விரிப்பு கொஞ்சம் சுருண்டு வந்தாலும் நிற்கும். நின்றால் உள்ளே மாட்டிய துணி பழுப்பாகக் கருகும். முதல் வருடத்தில் ஒருநாள், சாயங்காலத்துக்குள் நானூறு விரிப்பு போக வேண்டிய நேரத்தில் உருளை பதினைந்து முறை நின்றது. அக்கா ஒரு தலையணை உறையை எடுத்தாள். நாலாக மடித்தாள், முனையை ஒரு முறுக்கு முறுக்கினாள், கம்பிக்கும் அதன் தாங்கிக்கும் நடுவில் செருகினாள். கம்பி அசையவில்லை. உருளை அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. நானூறும் போய்ச் சேர்ந்தன.

அதற்கு லாண்டரியில் 'அக்கா மடிப்பு' என்று பேர் வந்துவிட்டது. புதிதாக வருகிற பெண்ணுக்கு முதல் நாள் மூன்று விஷயம் சொல்லித் தருவார்கள்: கழிவறை எங்கே, சாப்பாட்டு நேரம் எப்போது, அக்கா மடிப்பு எப்படி. தடுப்புக் கம்பி எதற்கு இருக்கிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. சொன்னால், அதை ஏன் முடக்குகிறோம் என்ற கேள்வி வருமே. ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்று வாசலில் தகவல் வந்தால் உறையை உருவி இடுப்பில் செருகிக்கொள்வார்கள். போனதும் மறுபடி வைப்பார்கள். இதில் யாருக்கும் ஒளிவுமறைவு தோன்றியதே இல்லை. விருந்தாளி வந்தால் கொடியில் கிடக்கும் துணியை உள்ளே எடுத்துப் போடுவது மாதிரிதான்.

லாண்டரி வளர்ந்தது. அக்கா சிறுதொழில் முதலாளிகள் சங்கத்துக்குத் தலைவி ஆனாள். தொலைக்காட்சி விவாதங்களில் அமைச்சர்களை மடக்கினாள். கட்சி தேடி வந்தது. எதிர்க்கட்சி வேட்பாளர் மேடையில், "அழுக்கு எங்க ஜாஸ்தியோ அங்கதான அவங்களுக்குத் தொழில், அதான் அந்தக் கட்சியில போய்ச் சேர்ந்துட்டாங்க" என்றபோது அக்காவே சிரித்துவிட்டாள். ஜெயித்தாள். சட்டப்படி நிர்வாகப் பொறுப்பை விட்டு விலகித் தம்பியிடம் கொடுத்தாள். உறுப்பினராகி எட்டு மாதம் ஆகிறது.

ஐந்து வாரத்துக்கு முன்பு நெட்டையின் கை உருளைக்குள் போனது. நெட்டை லாண்டரி தொடங்கிய இரண்டாம் வருடத்திலிருந்து இருக்கிறவள். விரிப்பின் ஓரத்தில் பிரிந்த நூல் விரலில் சுற்றிக்கொண்டது. இழுத்தது. கம்பி அசையவில்லை, ஏனென்றால் அசையாமல் இருக்கத்தான் அதற்கு வழி செய்து வைத்திருந்தது. வலது கையில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் இரண்டும் மடங்காது. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்து உறையைக் கண்டெடுத்தார். யார் வைத்தது என்று கேட்டார். நான்தான் என்றாள் நெட்டை. அறிக்கை முடிந்தது. தொழிலாளியின் சொந்தத் தவறு.

அக்கா தாள்களை மேசைமேல் வைத்தாள்.

"சார், அந்த மடிப்ப அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான்."

கொறடா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார்.

"எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம் மேடம். நீங்க அந்தப் பக்கம்தான் உக்காந்திருக்கீங்க."

"வேணும்னா இந்தப் பக்கம் வந்து சொல்றேன்."

"வேணாம். அது நல்ல காது. அதக் கெடுக்காதீங்க."

அன்று பிற்பகல் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகும் வழியெல்லாம், நெட்டை கேட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டால் பாதிப் பாரம் குறையும். திட்டினால் இன்னும் நல்லது.

நெட்டை திட்டவில்லை. கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் தூக்கிவைத்திருந்தாள். கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில்கள் அவள் உயரத்துக்குச் செய்யப்படுவதில்லை.

"நம்ம பெட்ஷீட்டுதான்க்கா," என்றாள் இடது கையால் விரிப்பைத் தட்டி. "மூலையில பாருங்க, சுருக்கம். அஞ்சு வாரம் நான் இல்ல, கழுதைங்க எப்படித் தேச்சு அனுப்புதுங்க பாருங்க."

அக்கா மூலையைப் பார்த்தாள். சுருக்கம் இருந்தது. பழக்கதோஷத்தில் கையால் நீவிவிட்டாள்.

"ஏன்டி நீ வெச்சேன்னு சொன்ன?"

"நான்தானக்கா வெச்சேன். அன்னைக்குக் காலையில வேலை ஆரம்பிச்சப்ப நானேதான் செருகினேன். அவரு அதத்தான் கேட்டாரு. யாரு சொல்லிக் கொடுத்தான்னு கேக்கவே இல்ல."

பிறகு அவள் கேட்டது வேறு. மூத்த மகளுக்குப் பத்தொன்பது வயது, சும்மா இருக்கிறாள், உருளையில் தன் இடத்தை அவளுக்குக் கொடுக்க வேண்டும். மடிக்கிற வேலை வேண்டாம், அதில் கூலி குறைவு. உருளைக்கே போடச் சொல்ல வேண்டும். அங்கே வேண்டாம், வேறு எங்காவது பார்க்கிறேன் என்றாள் அக்கா. நெட்டைக்கு முகம் சுண்டிப்போனது. உங்கள் பேரைக் கெடுக்காமல் இருந்ததற்கு இதுகூடச் செய்யக்கூடாதா என்பதை அவள் வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே அது அறைக்குள் நின்றது.

"தம்பிகிட்டயும் கேட்டிருக்கேன்க்கா," என்றாள் கடைசியில். "அவளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்துட்டேன். ஒரு நாள்ல புடிச்சிக்குவா."

எல்லாம் என்றால் எல்லாம். திங்கட்கிழமை அக்கா லாண்டரிக்குள் நுழைந்தபோது மகள் உருளை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் உயரம் இல்லை, அம்மாவின் கை வேகம் இருந்தது. தடுப்புக் கம்பிக்குப் புதிதாக மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள். சுவரில் 'பாதுகாப்பே முதலில்' என்று ஒரு பலகை. அதன் ஆணியில் யாரோ துண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

உருளை நின்றது. மேற்பார்வை பார்க்கிறவள் பல்லைக் கடித்தாள். மறுபடி ஓட்டினார்கள், மறுபடி நின்றது. மேற்பார்வைக்காரி ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே ஏதோ அதிசயம் நடக்கிற மாதிரி பார்க்கத் தொடங்கினாள். அவள் திரும்பிய அந்தக் கணத்தில் பெண் இடுப்பிலிருந்து தலையணை உறையை உருவினாள். நாலு மடிப்பு, ஒரு முறுக்கு, செருகல். கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. அக்கா பதினெட்டு வருடம் முன்பு செய்ததைவிட இவள் நன்றாகச் செய்தாள்.

அக்கா போய் அதைப் பிடுங்கினாள். பெண் பயப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னாள்: "அது இல்லாம ஓடாதுக்கா."

தம்பி அக்காவை அலுவலக அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினான். கையைத் தானே கண்டுபிடித்து நிறுத்தும் புது உருளைகள் வந்து வெகு காலமாகிறது. வாங்கலாம் என்று தம்பி மூன்று முறை கேட்டான், மூன்று முறையும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றவள் அக்காதான். அந்தப் பேச்சை அவன் முதலில் எடுக்கவில்லை, அது அவன் நல்ல குணம். விட்டுவிடுவான் என்று பார்த்தால், கடைசியில் எடுத்தான்.

"நீ கட்டின வீட்டுலதான் நான் குடியிருக்கேன்க்கா. செவுரு சரியில்லன்னு நீயே வந்து எங்கிட்டச் சொன்னா நான் என்ன செய்ய?"

"அந்தப் பொண்ண அங்கேருந்து எடு."

"எடுத்தா இன்னொரு பொண்ணு நிப்பா. அவளுக்கும் அம்மா இருப்பா."

அக்கா வெளியே வரும்போது உருளை ஓடிக்கொண்டிருந்தது. நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் நிற்கவில்லை என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தெரியும்.

வியாழக்கிழமை அவையில் அவள் எட்டு நிமிடத்தில் மூன்றுதான் எடுத்துக்கொண்டாள். தாளின் முதல் பத்தியைப் படித்தாள். மூன்றாம் தாளுக்குத் தாவி, அந்த வரியைப் படித்துவிட்டு நிறுத்தினாள். அந்த வரி பொய் என்றாள். பாதுகாப்பைக் கழற்றச் சொன்ன ஒரு முதலாளியைத் தனக்கு நன்றாகத் தெரியும், அது தான்தான் என்றாள். தலையணை உறையை எப்படி மடிப்பது என்று கையாலேயே காட்டினாள். தொழிலாளி தானாக முடக்குகிறார் என்று சட்டம் எழுதுகிறவர்கள், நின்றுபோகும் இயந்திரத்தின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்து எழுதட்டும் என்றாள்.

எதிர்வரிசை மேசையைத் தட்டியது. அவளுக்கு அது காறித் துப்பியதுபோல இருந்தது. மூன்று விரல் போனதில் அவர்களுக்கு ஒரு கொண்டாட்டம். அவள் கட்சி வரிசையில் ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் தண்ணீர்க் குவளையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அவைத் தலைவர், உறுப்பினர் தம் சொந்த விஷயத்தை விட்டுவிட்டு மசோதாவைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். பதினான்காம் பிரிவு முப்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. அவளுடைய எதிர் வாக்கு ஒரு துரும்பையும் அசைக்கவில்லை.

நடைபாதையில் கொறடா அவளோடு நாலு அடி நடந்தார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்த அவரிடம் குரலும் இல்லை.

"மனசாட்சி இருக்கட்டும் மேடம், வேணாங்கல. அத வீட்ல வெச்சிட்டு வந்திருக்கலாம்."

குழுக்களிலிருந்து அவள் பேரை எடுத்துவிட்டார்கள். அடுத்த தேர்தலில் இடம் இல்லை என்பதைச் சொல்லக்கூட யாரும் மெனக்கெடவில்லை. அதெல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான். அவள் நம்பியது ஒன்றைத்தான். அவையில் சொன்னது பதிவாகியிருக்கிறது, இன்ஸ்பெக்டர் விசாரணையை மறுபடி திறந்தாக வேண்டும், நெட்டையின் மேல் எழுதிய பழி மாறும்.

இன்ஸ்பெக்டர் திறக்கத்தான் செய்தார். ஒழுங்கான மனுஷன். உருளையில் வேலை செய்கிற பதினொரு பெண்களைத் தனித்தனியாக விசாரித்தார். அக்கா மடிப்பு என்று ஒன்றைத் தாங்கள் கேள்விப்பட்டதே இல்லை என்று பதினொரு பேரும் சொன்னார்கள். பதினேழு வருடம் புழங்கிய பேர் ஒரே நாளில் செத்துப்போயிற்று. கடைசியாக, அக்காவையும் நெட்டையையும் ஒன்றாக உட்காரவைத்தார். மூன்றாம் மாடியில் சின்ன அறை. நெட்டை முழங்கால் மேசையில் இடிக்க, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தாள்.

இவங்கதான் சொல்லிக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள், உண்மையா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அக்காவுக்கு ரொம்ப நல்ல மனசு சார்," என்றாள் நெட்டை. "என்னப் பாத்துப் பாவப்பட்டு சொல்றாங்க. நானேதான் கண்டுபிடிச்சேன். அவங்க எத்தனையோ தடவ திட்டியிருக்காங்க."

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். நெட்டை இன்ஸ்பெக்டரை மட்டுமே பார்த்தாள். இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

ரெண்டு வாக்குமூலமும் மோதுகிறது, பழைய அறிக்கைதான் நிற்கும் என்றார் இன்ஸ்பெக்டர். தன் குற்றத்தைத் தானே கொண்டுவந்து கொடுக்கிற ஆளை அவர் இதற்கு முன் பார்த்திருக்கமாட்டார் போல, அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னார். யார் குற்றம் என்பது ஒரு கோப்பு. இயந்திரம் ஆபத்தானதா என்பது வேறு கோப்பு. ஆபத்து என்று தொகுதி உறுப்பினர் எழுதிக் கொடுத்தால், அன்றைக்கே நிறுத்தி முத்திரை வைக்கலாம். தடுப்பை முடக்கவே முடியாத புது உருளை வரும்வரை முத்திரையை எடுக்க முடியாது. அதற்கு யார் சாட்சியும் தேவையில்லை.

"ஆனா பாத்துக்குங்க மேடம். உருளை நின்னா உங்க லாண்டரி நின்ன மாதிரி."

அக்கா கீழே இறங்கிப் போனாள். நெட்டை பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். எல்லோருக்கும் மேலே அவள் தலை தனியாகத் தெரிந்தது.

"ஏன்டி பொய் சொன்ன?"

"தம்பி வந்திருந்தாருக்கா. நீங்க சொன்னது நிஜம்னு ஆச்சுன்னா ஆஸ்பத்திரிக்காரங்க வேற எடம் பாத்துக்குவாங்களாம். லாண்டரிய மூடணுமாம். எம்பொண்ணுக்கு நிரந்தரம் பண்ணித் தரேன்னிருக்காரு."

"உன் பேர்ல பழி நிக்குதே."

"நிக்கட்டும். பேர வெச்சு என்ன பண்றது?" நெட்டை கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொல்லிட்டீங்க, உங்களுக்கு ஆறிடுச்சு. நல்லா இருங்க. உங்களுக்கு மனசு ஆறணும்னு நான் ஏன்க்கா எம்பொண்ணு சோத்துல மண்ணப் போடணும்?"

அவையில் பேசிவிட்டு வந்த அன்று எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாள் என்பது அக்காவுக்கு ஞாபகம் வந்தது. அதுவரை ஐந்து வாரமாகச் சோறு இறங்கவில்லை. இவள் சொல்வது சரி. ஆனால் இவள் மகளின் இடுப்பிலிருந்து உறை உருவப்பட்ட வேகத்தையும் அக்கா பார்த்திருந்தாள். அந்த வேகத்தில் ஒரு நூல் பிரிந்து வர எத்தனை நேரம் ஆகும்?

"உன் பொண்ணு கை..."

"எம்பொண்ணு சூதானமா இருப்பா."

"நீயும் சூதானமாத்தான்டி இருந்த."

பேருந்து வந்தது. நெட்டை இடது கையால் கம்பியைப் பிடித்து ஏற முடியாமல் தடுமாறினாள். அக்கா முழங்கையைத் தாங்கப் போனாள். நெட்டை கையை உதறிக்கொண்டு தானே ஏறினாள்.

அக்கா மூன்று மாடியும் திரும்ப ஏறினாள். தாள் கேட்டாள். உருளை ஆபத்தானது, நிறுத்த வேண்டும் என்று எழுதினாள். இந்தத் தடவை எதுவும் ஆறவில்லை. நூற்றுப் பத்துப் பேர், அவர்களில் பாதிப் பேரை அவள்தான் பேர் சொல்லி வேலைக்குச் சேர்த்தாள். தம்பி இனி அவளைத் தன் வாசலில் ஏற்றமாட்டான். கையெழுத்துப் போட்டாள்.

பகல் இரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் லாண்டரிக்குப் போனார். அக்காவும் கூடப் போனாள். வர வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். ஆவியை அடைத்தார்கள். உருளை மெல்லச் சுற்றி, நின்றது. இந்தத் தடவை யாரும் மறுபடி ஓட்டவில்லை. பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றார்கள். தம்பி அலுவலகத்தை விட்டு வெளியே வரவில்லை. நெட்டையின் மகள் பாதி தேய்ந்த விரிப்பின் முனையைக் கையில் பிடித்தபடி நின்றாள், மறுபாதி உள்ளே சிக்கியிருந்தது.

சூட்டோடு முத்திரை வைத்தால் அரக்கு இளகிவிடும், ஆறட்டும் என்றார் இன்ஸ்பெக்டர். எவ்வளவு நேரம் ஆகும் என்று சுற்றிலும் கேட்டார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

"ரெண்டு மணி நேரம்," என்றாள் அக்கா.

அவருக்கு மட்டும் யாரோ ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.